பழைய கார்ட் கடன்: காசு கட்டுவதற்கு முன் திகதியைப் பாருங்கள்

பழைய கிரெடிட் கார்ட் கடனில் ஆட்கள் கூடுதலாக அடிபடுவது ஒரு சின்னத் தொகையால். நாலைந்து வருடமாகக் கட்டாமல் கிடந்த கார்டுக்கு ஒருநாள் வசூல்காரரின் அழைப்பு வரும். "இப்ப ஒரு ஐயாயிரம் போடுங்க, மிச்சத்தைப் பிறகு பார்ப்பம்" என்பார். அயலுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் அன்றைக்கே பாங்குக்குப் போய்க் கட்டிவிடுகிறார்கள். அந்த ஐயாயிரம் கடனைக் குறைப்பதில்லை. சட்டத்தின் கணக்கில் கடனைப் புதிதாக்கிவிடுகிறது.

முதலில் கணக்கைப் பாருங்கள். இரண்டு இலட்சம் ரூபாய் நிலுவை, வருடத்துக்கு 28 சதவீத வட்டி, மாதாமாதம் வட்டி முதலோடு சேருகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு வருடத்தில் அது ஆறு இலட்சத்தைத் தாண்டிவிடும். தாமதக் கட்டணமும் வருடக் கட்டணமும் இதில் சேரவில்லை. அந்த நிலையில் ஒரு மாத வட்டி மட்டும் பதினாலாயிரம் ரூபாய் வரும். நீங்கள் கட்டும் பணம் வழமையாக முதலில் கட்டணங்களுக்கும், பிறகு வட்டிக்கும், கடைசியாகத்தான் முதலுக்கும் போகும். பதினாலாயிரம் வட்டி ஏறும் இடத்தில் ஐயாயிரம் கட்டினால் முதல் தொகையில் ஒரு ரூபாயும் குறையாது.

இனிச் சட்டம். இலங்கையின் 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டத்தின்படி, எழுத்து மூல ஒப்பந்தத்தில் வரும் கடனுக்கு வழக்குப் போட ஆறு வருடம் உண்டு. எழுத்தில் இல்லாத வாக்குறுதிக்கு மூன்று வருடம். கார்ட் எடுக்கும்போது விண்ணப்பத்திலும் நிபந்தனைகளிலும் கையெழுத்து வைத்திருப்பதால் ஆறு வருடத்தைத்தான் மனதில் வைக்க வேண்டும். எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில் வாதம் வரும். கடைசியாகப் பணம் கட்டிய நாளா, வங்கி கார்டை நிறுத்தி முழுத் தொகையையும் கேட்டு எழுதிய நாளா என்று இரு பக்கமும் பேசுவார்கள். ஆனால் இடையில் ஒரு பகுதிக் கொடுப்பனவு செய்தாலோ, "எனக்கு இந்தக் கடன் இருக்கிறது, கட்டுவேன்" என்று எழுதிக் கையெழுத்து வைத்தாலோ ஆறு வருடம் முதலிலிருந்து தொடங்கும். 2006ஆம் ஆண்டின் இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் வந்த பிறகு, மின்னஞ்சலும் குறுஞ்செய்தியும் வாட்ஸ்அப்பும் "எழுத்து இல்லை" என்று இலேசாகத் தள்ளிவிடக்கூடியவை அல்ல. ஆகவே வசூல்காரரின் குறுஞ்செய்திக்கு இரவு பதினொரு மணிக்கு மன்னிப்புக் கேட்டு நீளமாகப் பதில் எழுதாதீர்கள்.

கட்டாமல் தப்பும் வழி என்று இதை எடுக்க வேண்டாம். ஆறு வருடம் கடந்தால் போவது வங்கியின் வழக்குப் போடும் உரிமை. கடன் பதிவு அழிவதில்லை. வழக்கு வந்தாலும் "காலாவதியாகிவிட்டது" என்று எதிராளியான நீங்கள்தான் உங்கள் பதிலில் எழுத வேண்டும், நீதிமன்றம் தானாக எழுப்பாது. கொவிட் காலத்துக்கென 2021இல் வந்த தற்காலிக ஏற்பாடுகள் சட்டம் சில கால எல்லைகளைத் தளர்த்தியிருப்பதால், 2020ஐ ஒட்டிய கடன் என்றால் நீங்களாக விரல்விட்டு எண்ணி முடிவெடுக்காமல் சட்டத்தரணியிடம் கேளுங்கள். வசதி உள்ளவர் கடனைத் தீர்ப்பதுதான் நல்லது என்பது என் உறுதியான எண்ணம். தீர்க்கிற பணம் தீர்க்கிற வேலையைச் செய்ய வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

கையில் எடுக்க வேண்டிய தாள்கள்

பணத்தைத் தொடுவதற்கு முன் கிரிப் ரிப்போர்ட்டை எடுங்கள். இலங்கை கடன் தகவல் பணியகத்தைத்தான் எல்லோரும் கிரிப் என்கிறோம். 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த நிறுவனம் அது. உங்கள் சொந்த அறிக்கையைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. வங்கிக் கிளை ஊடாகவும் பணியகத்தின் இணையத்தளம் ஊடாகவும் விண்ணப்பிக்கலாம், இதற்கென்று கொழும்புக்குப் பஸ் ஏறத் தேவையில்லை.

அறிக்கை வந்ததும் பெயருக்கும் அடையாள அட்டை இலக்கத்துக்கும் முதலில் போங்கள். எங்கள் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரே ஆளுக்கு நாலு விதம் வரும். தகப்பன் பெயர் முன்னால் ஒரு இடத்திலும் பின்னால் ஒரு இடத்திலும் நிற்கும். பழைய ஒன்பது இலக்க அடையாள அட்டையில் எடுத்த கார்டும், புதிய பன்னிரண்டு இலக்கத்தில் எடுத்த லீசிங்கும் ஒரே ஆளுக்குக் கீழ் வந்திருக்கிறதா என்று பாருங்கள். மாற்றம் இப்படித்தான்: பழைய இலக்கத்தின் முன்னால் 19 வரும், பழைய இலக்கத்தின் முதல் ஐந்துக்குப் பின் ஒரு 0 நுழையும், கடைசி ஆங்கில எழுத்து போய்விடும். இதில் ஒரு இலக்கம் பிசகினால் வேறொருவரின் கடன் உங்கள் பெயரில் ஏறலாம். நீங்கள் தீர்த்த கடன் உங்கள் அறிக்கையில் திருத்தப்படாமலும் கிடக்கலாம்.

அடுத்தது ஒவ்வொரு கடனின் நிலை: எத்தனை நாள் பிந்தியது, நிலுவை எவ்வளவு, வங்கி தன் கணக்கில் கழித்து எழுதிவிட்டதா என்பது. பிணையாளியாக நீங்கள் நின்ற கடன்களும் அங்கே இருக்கும். மச்சானின் முச்சக்கரவண்டி லீசிங்குக்கு வைத்த கையெழுத்து பலருக்கு அங்கேதான் நினைவுக்கு வருகிறது. "கறுப்புப் பட்டியல்" என்று ஒன்று கிரிப்பில் இல்லை. அது வங்கிகள் அனுப்பும் விபரத்தை அப்படியே காட்டும். கடன் கொடுப்பதா இல்லையா என்பதை அதைப் பார்க்கும் வங்கிதான் தீர்மானிக்கிறது. "கிரிப்பைக் கிளியர் பண்ணித் தாறம்" என்று முகநூலில் காசு கேட்பவரால் அதில் ஒரு வரியைக்கூட அழிக்க முடியாது. பிழை இருந்தால் திருத்த வேண்டியது தகவலை அனுப்பிய நிறுவனம். கிரிப்பிடம் எழுத்தில் முறையிட்டால் அது அந்த நிறுவனத்திடம் கேட்டுச் சரிபார்க்கும். அந்த முறைப்பாட்டுக்குக் கடன் கட்டிய பற்றுச்சீட்டின் பிரதி வேண்டும்.

இரண்டாவது தாள், வங்கியிடமிருந்து முழுக் கணக்குக் கூற்று. முதல், வட்டி, தாமதக் கட்டணம், வருடக் கட்டணம், காப்புறுதி என்று பிரித்துக் கேளுங்கள். வட்டி வீதத்தையும் காலம் காலமாகப் பார்க்க வேண்டும். 2020இல் மத்திய வங்கி கார்ட் வட்டிக்கு 18 சதவீத உச்சவரம்பு வைத்தது. 2022இல் அந்த வரம்பு போனபின் பல வங்கிகளில் 30ஐத் தாண்டியது. அந்தக் காலங்களில் கடன் இருந்தவரின் கூற்றில் எந்த மாதத்துக்கு எந்த வீதம் போட்டிருக்கிறார்கள் என்பது பெரிய தொகையை மாற்றும். கார்ட் தொலைந்தது என்று அறிவித்த பிறகும் வருடக் கட்டணம் ஏறியிருக்கிறதா, கேட்காத காப்புறுதி சேர்ந்திருக்கிறதா என்பதையும் தேடுங்கள்.

கூற்றுக் கேட்கும் கடிதத்தில் "என் கடன்" என்று எழுதாதீர்கள். "மேற்படி இலக்கக் கணக்கு தொடர்பாக நீங்கள் கோரும் தொகையின் முழு விபரத்தையும் அனுப்பவும். இக்கடிதம் எந்தப் பொறுப்பையும் ஏற்றுக்கொள்வதாகாது" என்று இரண்டு வரி போதும். தலைப்பில் "வித்தவுட் பிரெஜுடிஸ்" என்று போடுங்கள். சமரசப் பேச்சில் சொன்னதைப் பிறகு ஒப்புதல் வாக்குமூலமாகப் பாவிக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு எழுதுவதற்குச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 23ஆம் பிரிவு இடம் தருகிறது. கடிதத்தைத் தமிழில் எழுதலாம். ஆனால் வசூல் பிரிவு பெரும்பாலும் கொழும்பில் ஆங்கிலத்தில் வேலை செய்வதால், ஆங்கிலப் பிரதியையும் சேர்த்து அனுப்பினால் பதில் கெதியாக வரும். பதிவுத் தபாலில் போட்டுச் சிட்டையைப் பத்திரப்படுத்துங்கள்.

வசூல்காரரோடு கதைப்பது

தொலைபேசியில் பெயர், நிறுவனம், வங்கி கொடுத்த அதிகாரக் கடிதம் மூன்றையும் கேளுங்கள். "தம்பி, இதை எழுத்தில அனுப்புங்க, எழுத்தைப் பார்த்துப்போட்டுத்தான் கதைப்பன்" என்று சொன்னால் போதும். சண்டை தேவையில்லை. கார்ட் கடன் கட்டாதது குற்றம் அல்ல, சிவில் விடயம். "பொலிஸை அனுப்புவம்" என்றால் அது வெறும் பயமுறுத்தல். பாடசாலை அதிபருக்கோ கிராம சேவகருக்கோ கடனைப் பற்றிச் சொல்வதாக மிரட்டினால் திகதி, நேரம், இலக்கம், சொன்ன வார்த்தை எல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். 2023இல் வந்த நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் வசூலிக்கும் முறைக்கும் பொருந்தும். முதலில் வங்கியின் முறைப்பாட்டு அதிகாரிக்கு எழுத வேண்டும். அங்கே சரிவராவிட்டால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்துக்கு 1935 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைக்கலாம், இல்லாவிட்டால் வங்கிகள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் நிதி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகம் ஒன்று திருகோணமலையில் இருக்கிறது. வங்கியிடம் முதலில் முறையிட்டதற்கு ஆதாரம் இல்லாமல் இந்த இடங்களுக்குப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஒரே வங்கியில் உங்கள் சம்பளக் கணக்கும் இருந்தால் கவனம். கார்ட் நிபந்தனைகளில் பெரும்பாலும் ஈடுசெய்யும் உரிமை எழுதியிருக்கும், அதன்படி சேமிப்பில் இருப்பதை எடுத்துக் கடனில் போடலாம். பேச்சு முடியும் வரைக்கும் வீட்டுச் செலவுக்கான பணத்தை வேறொரு வங்கியில் வைத்திருப்பது நல்லது.

பேரம்

90 நாள் பிந்திய கடனை வங்கி செயற்படாக் கடனாக வகைப்படுத்தும். அதற்குப் பிறகு ஏறும் வட்டியை அது தன் வருமானமாகக் காட்டுவதில்லை, தனியாக எழுதி வைக்கிறது. அதனால்தான் பழைய கடனில் வட்டியையும் தண்டத்தையும் விட்டுக்கொடுக்க வங்கிக்கு மனம் வருகிறது. முதலை விட்டுக்கொடுக்க இலேசில் வராது. ஆறு இலட்சம் கேட்கும் இடத்தில் முதல் தொகை இரண்டு இலட்சம் என்றால் பேச்சின் அடித்தளம் அந்த இரண்டு இலட்சம்தான். முதலுக்குக் கொஞ்சம் கீழே தொடங்குங்கள், எதுவரைக்கும் ஏறலாம் என்பதை வீட்டில் முன்கூட்டியே முடிவெடுங்கள். ஒரே தடவையில் கட்டுவதாகச் சொன்னால்தான் கழிவு கூடும்.

காலமும் முக்கியம். வர்த்தக வங்கிகளின் கணக்கு வருடம் டிசம்பர் 31இல் முடிகிறது. வருடக் கடைசியில் பழைய கடனை முடித்துக் காட்ட வசூல் பிரிவு இறங்கி வரும். ஆனால் சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கம் பெரும்போக அறுவடைக் காசு வருவது பெப்ரவரி, மார்ச்சில். ஆகவே நவம்பரில் பேச்சைத் தொடங்கி, டிசம்பரில் கடிதத்தை வாங்கி, ஒரு பங்கை உடனேயும் மிச்சத்தை மார்ச் கடைசியிலும் கட்டுவதாகத் திகதி போட்டு எழுதுவிப்பதுதான் வயல்காரருக்குப் பொருந்தும். தவணையாகக் கட்டினால் ஒரு தவணை தவறியதும் கழிவு முழுவதும் ரத்தாகும் என்று ஒரு வரி வழமையாக இருக்கும். அந்த வரிக்குப் பக்கத்தில் குறைந்தது 14 நாள் சலுகைக் காலம் கேளுங்கள். மழை பிந்தி அறுவடை தள்ளிப்போனால் உங்களைக் காப்பாற்றுவது அந்த 14 நாள்தான்.

வங்கியின் கடிதத் தலைப்பில் கையெழுத்தோடு வரும் சமரசக் கடிதத்தில் இவ்வளவும் இருக்க வேண்டும்: கார்ட் இலக்கத்தின் கடைசி நாலு எண்கள், உங்கள் அடையாள அட்டை இலக்கம், கட்ட வேண்டிய தொகை, கடைசித் திகதி, இது முழுமையான இறுதித் தீர்வு என்ற வாசகம், மிச்சத் தொகையை வங்கி கைவிடுகிறது என்ற வாசகம், கிரிப்பில் நிலுவை பூச்சியம் எனத் திருத்தப்படும் என்ற உறுதி, வழக்கு நடந்தால் அதை மீளப்பெறுவதாக ஒரு வரி. இவற்றில் ஆகவும் விடுபடுவது கைவிடுகிறது என்ற வாசகம். அது இல்லாவிட்டால் நீங்கள் கட்டியது "பகுதிக் கொடுப்பனவு" என்று பதியப்படும். இரண்டு வருடம் கழித்து வேறொரு வசூல் நிறுவனம் மிச்சத்தைக் கேட்டு வரும்போது காட்ட உங்களிடம் ஒன்றும் இருக்காது. வசூல்காரரின் வாட்ஸ்அப் செய்தியைக் கடிதமாக எடுக்காதீர்கள். ஏஜென்டின் கையில் காசும் கொடுக்காதீர்கள். வங்கியின் கரும பீடத்தில் கார்ட் கணக்குக்கே நேராகக் கட்டி, சிட்டையைப் போட்டோப் பிரதி எடுங்கள். அந்தத் தாளில் மை இரண்டு மூன்று வருடத்தில் மங்கிவிடும்.

பின்திகதியிட்ட செக் கேட்பார்கள். கொடுக்க வேண்டாம் என்பதுதான் என் அறிவுரை. 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவீடு (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தின் 25ஆம் பிரிவு, கணக்கில் பணமில்லை என்று தெரிந்துகொண்டு செக் எழுதுவதைக் குற்றமாக்கியிருக்கிறது. சிவில் கடனாக இருந்ததை நீங்களே குற்றவியல் பக்கம் தள்ளிவிடுவீர்கள். திரும்பிய செக் கிரிப்பிலும் பதியும்.

பணத்துக்கு எங்கே போவது? நகையை அடகு வைத்துக் கார்டை முடிப்பது, அடகு வட்டி கார்ட் வட்டியிலும் குறைவாக இருக்கும்வரை கணக்கில் சரி. ஆனால் சமரசக் கடிதம் கையில் வந்த பிறகுதான் நகை வீட்டை விட்டு வெளியேற வேண்டும், மீட்கும் மாதமும் தெரிந்திருக்க வேண்டும். சீட்டுக் கழிவு வர இருக்கிறது என்றால் அந்த மாதத்தைக் கடைசித் திகதியாகக் கேட்கலாம். நுண்கடன் எடுத்துக் கார்ட் கட்டுவது மட்டும் வேண்டாம். கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கும் கடனாக அது மாறும், அதுவும் கிரிப்பில் ஏறலாம். ஊழியர் சேமலாப நிதியில் இடையில் எடுக்கக்கூடிய 30 சதவீதம் வீட்டுக்கும் வைத்தியத்துக்கும் உரியது, கார்ட் கடனுக்குத் தரமாட்டார்கள்.

வழக்கு வந்தால்

சின்னத் தொகைக்கு மத்தியஸ்த சபையின் அழைப்பு வரலாம். போங்கள். அங்கே சட்டத்தரணி தேவையில்லை, உடன்பாடு உங்கள் விருப்பத்தோடுதான் முடியும். பிரதேசத்துக்குள்ளேயே தமிழில் பேசி முடிக்கக் கிடைக்கும் நல்ல இடம் அது. ஆனால் அங்கே வைக்கும் கையெழுத்தும் கையெழுத்துத்தான், காலாவதிக் கணக்கை மறக்காதீர்கள்.

ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட கடனுக்கு மேலே சொன்ன கடன் அறவீடு (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தின் கீழ் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். அதன் வேகம் சாதாரண வழக்கைப் போன்றதல்ல. வங்கியின் சத்தியக் கடதாசியையும் ஆவணங்களையும் பார்த்தே நீதிமன்றம் "டிக்ரி நைசை" என்னும் நிபந்தனைத் தீர்ப்பாணையை முதலில் கொடுத்துவிடும். பிறகுதான் அது உங்கள் கைக்கு வரும். குறித்த திகதியில் போய், உங்கள் பக்கத்தைச் சத்தியக் கடதாசியில் காட்டி, எதிர்வழக்காட அனுமதி கேட்க வேண்டும். தொகையில் ஒரு பங்கையோ முழுவதையுமோ வைப்பிலிடச் சொல்லியும் அனுமதி கொடுக்கலாம். போகாவிட்டால் தீர்ப்பாணை முடிவானதாகிவிடும். அதை நிறைவேற்ற வங்கிக்குப் பத்து வருடம் உண்டு.

எங்கள் பகுதியில் இது கை நழுவுவது முகவரியால். கார்ட் எடுத்தது கொழும்பில் வேலை செய்தபோது, வெள்ளவத்தை அறை முகவரியில். இப்போது இருப்பது களுவாஞ்சிகுடியில். கடிதம் பழைய இடத்துக்குப் போகும், வழக்கும் கொழும்பில் போடப்படும். முகவரி மாற்றத்தை, கடனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல், பதிவுத் தபாலில் வங்கிக்கு அறிவியுங்கள். நீதிமன்றத் தாள் வந்தால் மூன்று நாளுக்குள் சட்டத்தரணியைப் பாருங்கள். வசதி குறைந்தவர்கள் மட்டக்களப்பிலோ கல்முனையிலோ உள்ள சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போகலாம். வருமானச் சான்றையும் கிராம சேவகரின் கடிதத்தையும் கையோடு கொண்டு போங்கள்.

தீர்ப்புக்குப் பிறகும் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போக முடியாது. குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 218ஆம் பிரிவு, அவசியமான உடை, படுக்கை, தொழில் கருவிகள், விவசாயிக்குப் பிழைப்புக்குத் தேவையான கருவிகள், மாடு, விதைநெல், அரச ஓய்வூதியம் ஆகியவற்றைக் கைப்பற்றலிலிருந்து விலக்குகிறது. கார்ட் கடனுக்கு ஈடு எதுவும் இல்லாததால், ஈட்டுக் காணியை நீதிமன்றம் போகாமலே ஏலம் விடும் பராட்டே முறையும் இதற்குப் பொருந்தாது.

கிரிப்பைச் சரிப்படுத்துவது

கட்டி முடித்ததும் கடன் தீர்ந்த கடிதத்தை வாங்குங்கள். வங்கி தரவு அனுப்பி அது பதிய ஒரு மாதமளவில் எடுக்கும். இரண்டாவது மாதத்தில் புதிய அறிக்கை எடுத்து நிலுவை பூச்சியமா என்று பாருங்கள். கழிவு கொடுத்த தொகை "கழித்து எழுதிய நிலுவை" என்று இன்னும் நின்றால், சமரசக் கடிதத்தின் பிரதியோடு வங்கிக்கும் கிரிப்புக்கும் ஒரே நாளில் எழுதுங்கள். பழைய தாமதங்களின் வரலாறு உடனே மறையாது, புதிய ஒழுங்கான மாதங்கள் சேரச் சேரத்தான் அதன் பாரம் குறையும். கிரிப் புள்ளி 250இலிருந்து 900 வரை போகிறது. அதை விரட்டிக்கொண்டு மாதாமாதம் அறிக்கை எடுப்பதில் பயனில்லை.

புதிய பதிவு உருவாக்க எளிய வழி, நிலையான வைப்பை ஈடு வைத்து எடுக்கும் கார்ட். ஒரு இலட்சம் வைப்பிலிட்டால் அதிலும் குறைந்த எல்லையில் கார்ட் தருவார்கள். அதில் மாதம் ஒரு சின்னச் செலவு, மின்சாரப் பட்டியலோ தொலைபேசியோ, போட்டு முழுத் தொகையையும் கட்டுங்கள். ஆகக்குறைந்த தொகையை மட்டும் கட்டினால் ஐம்பது நாளளவில் கிடைக்கும் வட்டியில்லாக் காலம் போய்விடும். ஏ.ரி.எம். இல் கார்டால் காசு எடுத்தால் அந்தக் காலம் தொடக்கத்திலிருந்தே இல்லை, எடுத்த நாளே வட்டி ஓடும். ஒரே மாதத்தில் நாலு வங்கியில் கடன் கேட்காதீர்கள், ஒவ்வொரு விசாரிப்பும் அறிக்கையில் நிற்கும்.

அரச சம்பளம் 25ஆம் திகதியளவில் விழும். கார்டின் கொடுப்பனவுத் திகதி 20 என்றால் அதை அடுத்த மாதம் 5க்குள் வருமாறு மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள், பல வங்கிகள் செய்து தரும். பிறகு சம்பளக் கணக்கிலிருந்து முழு நிலுவையையும் தானாக எடுக்கும் நிலையியற் கட்டளையைக் கிளையில் எழுதிக் கொடுத்து, "ஆகக்குறைந்த தொகை" என்ற பெட்டியில் புள்ளடி விழவில்லை என்பதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வையுங்கள்.